கோப்பன்ஹேகனில் இரண்டு நாள்: வாசகர் கடிதத்துக்கு ஒரு மறுமொழி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவம் மட்டும் படிக்கச் செல்லும் நம் மாணவர்கள், வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, பெற்றோர் பணத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் அண்மையில் வருத்தப்பட்டிருந்தார். இரண்டு நாளில் ஒரு தலைநகரைப் பார்த்துவிட முடியுமா என்றும் அவர் கேட்டிருந்தார். அவர் குறிப்பிடும் கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவத்தை ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் கழித்துவிட்டு, அண்மையில்தான் சிங்கப்பூரில் அங் மோ கியோவில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். அவருடைய வருத்தத்தில் பாதி நியாயமானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, மற்றப் பாதிக்கு மட்டும் மறுமொழி எழுத விரும்புகிறேன்.

நியாயமான பாதியை மறைக்கப் போவதில்லை. போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மாதங்களில் நண்பர்களோடு ஒரு வார இறுதியில் ஆஸ்லோவுக்கும் இன்னொரு வார இறுதியில் ஸ்டாக்ஹோமுக்கும் சென்றேன். கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று யாரோ தொகுத்திருந்த பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் வரிசையில் நின்று, படம் எடுத்து, அடுத்த இடத்துக்கு ஓடினோம். திரும்பி வந்த பிறகு, என்ன பார்த்தாய் என்று தொலைபேசியில் அப்பா கேட்டபோது, 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட வாசா என்ற கப்பலைத் தவிர வேறு எதைப் பற்றியும் என்னால் நான்கு வாக்கியம் தொடர்ந்து சொல்ல முடியவில்லை. செலவுக் கணக்கை மட்டும் தவறில்லாமல் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு உறைத்தது.

மூன்றாவதாகக் கோப்பன்ஹேகனுக்குப் பயணச்சீட்டு வாங்கியிருந்தேன். அந்தச் செய்தியைப் பாட்டியிடம் சொன்னபோது, அவர் சற்றும் யோசிக்காமல், “டென்மார்க்கா? தரங்கம்பாடிக் கோட்டையக் கட்டுனவன் ஊருக்கா போற?” என்று கேட்டார். பாட்டியின் பிறந்த ஊர் பொறையார். தரங்கம்பாடி அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். 1960களில் மணமாகி, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூருக்கு வந்தவர் அவர். சிறு வயதில் கோட்டைக்கு எதிரே மணலில் விளையாடியதையும், பொறையாருக்குப் பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடம் இருப்பதையும் நான் தொடக்கப்பள்ளியில் படிக்கும்போதே அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்டிருக்கிறேனே தவிர, அந்தக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு ஓர் ஊர் இருக்கும், அந்த ஊருக்கு நான் ரயில் ஏறிப் போக முடியும் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. உயர்நிலைப்பள்ளியில் நாங்கள் படித்த வரலாற்றில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போர்ச்சுக்கீசியரும் வந்தார்கள். டேனியர் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அன்றிரவே விடுதி அறையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் தம் நாட்டுக்கென்று ஒரு கிழக்கிந்திய நிறுவனத்தை ஏற்படுத்தினார். 1618இல் ஓவே ஜெடே என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. அவர்கள் முதலில் நாடியது இலங்கையை. கண்டி மன்னரோடு எண்ணியபடி உடன்பாடு அமையாததால் சோழமண்டலக் கரைக்குத் திரும்பினார்கள். தஞ்சையை அப்போது ஆண்டவர் ரகுநாத நாயக்கர். 1620 நவம்பரில் அவரோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி தரங்கம்பாடி என்ற மீனவர் சிற்றூரில் டேனியர் வணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் அனுமதி கிடைத்தது. மன்னர் கிறிஸ்டியனுக்கு ரகுநாத நாயக்கர் தங்க ஓலையில் தமிழில் எழுதி அனுப்பிய மடல், இன்றும் கோப்பன்ஹேகனில் அந்நாட்டு அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இதைப் படித்தபோது இரவு ஒரு மணி. கோப்பன்ஹேகனுக்கென்று நண்பர்கள் அனுப்பிவைத்திருந்த பத்து இடங்களின் பட்டியலை அப்போதே அழித்துவிட்டேன்.

கோத்தன்பர்க்கிலிருந்து கோப்பன்ஹேகனுக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். ஸ்வீடனின் தெற்கு முனையில் மால்மோ நகரைக் கடந்ததும், 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய பாலம் வருகிறது. மேல் தளத்தில் கார்கள், கீழ்த் தளத்தில் ரயில். பாலம் எட்டுக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் பிறகு கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவில் நான்கு கிலோமீட்டர் ஓடிக் கடலடிச் சுரங்கத்தில் இன்னொரு நான்கு கிலோமீட்டர் செல்கிறது பாதை. ஜொகூர் பாலத்தை வார இறுதிதோறும் சாபமிட்டபடி கடக்கும் நமக்கு, நாடு மாறியதே தெரியாமல் இன்னொரு நாட்டுக்குள் போய்ச் சேர்வது சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பாலத்தை அல்ல, கீழே இருந்த நீரை. அந்த நீரிணையின் பெயர் ஒரசுண்ட். தளபதி ஜெடேக்கு முன்னதாக ரோலண்ட் கிராப்பே என்ற வணிகரோடு முன்னோட்டமாக அனுப்பப்பட்ட டேனியக் கப்பலுக்கும் அதே பெயர்தான். அந்தக் கப்பலைப் போர்ச்சுக்கீசியர் காரைக்கால் கடற்பரப்பில் தாக்கி மூழ்கடித்தார்கள். பலர் இறக்க, தப்பிப் பிழைத்த கிராப்பேயும் ஒரு சிலரும் தஞ்சை நாயக்கரிடம் கொண்டுபோகப்பட்டார்கள். தரங்கம்பாடிக் கோட்டைக்கு வழி பிறந்தது அந்தச் சந்திப்பில்தான். ஊருக்கு ஆண்டுதோறும் போகும்போது காரைக்கால் கடைத்தெருவில் பாட்டிக்கு வளையல் வாங்கியிருக்கிறேன். அந்தக் கடலடியில் இந்த நீரிணையின் பெயர் கொண்ட ஒரு கப்பல் உடைந்து கிடக்கலாம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை காலையில் முதலில் சென்றது பழைய பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு. அதையும் கட்டத் தொடங்கியவர் கிறிஸ்டியன் மன்னர்தான். கப்பலை அனுப்பிய கையோடு, அது கொண்டுவரும் சரக்கை விற்க இடம் வேண்டும் என்று 1619இல் கால்வாய் ஓரத்தில் நீண்ட செங்கல் கட்டடத்தை எழுப்ப ஆணையிட்டார். நான்கு கடல்நாகங்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வானை நோக்கி நிற்பதுபோல் அதன் கோபுரம் அமைந்திருந்தது. அமைந்திருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. நானூறாவது ஆண்டை ஒட்டிப் பழுதுபார்க்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 2024 ஏப்ரல் 16ஆம் தேதி தீப்பற்றி அந்தக் கோபுரம் சரிந்து விழுந்தது. தெருவில் போனவர்களும் உள்ளே நுழைந்து பழைய ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள் என்று அப்போது செய்திகளில் பார்த்திருக்கிறேன். நான் சென்றபோது சாரமும் திரையும்தான் இருந்தன. அழகுக்காக வரும் சுற்றுலாப் பயணிக்கு அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எனக்கோ நெடுநேரம் நகர மனம் வரவில்லை. பருத்தித் துணியும் மிளகும் இறங்கி விலைபோன இடம் என்ற எண்ணத்திலேயே நின்றேன். நெய்தவர்களின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலாவது இருக்குமா?

அங்கிருந்து ஒரு பாலத்தைக் கடந்தால் கிறிஸ்டியன்ஸ்ஹாவன். அதே மன்னர் கடற்கரைச் சேற்றுநிலத்தை மேடாக்கி உருவாக்கிய பேட்டை அது. நிலத்தைக் கடலிலிருந்து மீட்டெடுக்கும் வேலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்று மரின் பரேட்டில் வளர்ந்த என் தோழி சொன்னாள். நீரோரமாக ஆசியச் சதுக்கம் என்று ஓர் இடம். 1732இல் தொடங்கிய டேனிஷ் ஆசிய நிறுவனத்தின் தலைமையகமும் சரக்குக் கிடங்கும் அங்கே இருந்தன. கிடங்கு இன்றும் இருக்கிறது. உயரமான கூரையும் அடுக்கடுக்கான சன்னல்களும் கொண்ட அந்தக் கட்டடத்தை இப்போது டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சு பயன்படுத்துகிறது. சிங்கப்பூர் ஆற்றோரத்தில் பழைய கிடங்குகள் உணவகங்களாக மாறியதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கிடங்கு ஒன்று அமைச்சாக மாறியிருப்பது வேடிக்கையாக இருந்தது.

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பாட்டியைக் காணொளியில் அழைத்தேன். அங்கே பிற்பகல் இரண்டு மணி, இங்கே இரவு எட்டு. கிடங்கையும் கப்பல் துறையையும் சுற்றிக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, “அங்கயும் காத்து இப்புடித்தான் அடிக்குதா? கோட்டையில நின்னா காது அடைச்சுக்கும்” என்றார். பிறகு, அந்த மன்னன் நம் ஊருக்கு வந்திருக்கிறானா என்று கேட்டார். வந்ததில்லை என்றேன். “வராமலேவா கோட்டை கட்டுனான்?” என்று அவர் கேட்ட கேள்விக்கு நான் படித்த எந்தக் கட்டுரையிலும் விடை இல்லை. இருபது நிமிடம் பேசினோம். ஸ்வீடனில் இருந்த காலத்தில் அவரோடு நான் பேசிய மிக நீண்ட உரையாடல் அது. மற்ற நாள்களில் சாப்பிட்டாயா, குளிர்கிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வட்டக் கோபுரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதுவும் கிறிஸ்டியன் மன்னர் 1642இல் கட்டி முடித்தது. படிகளுக்குப் பதிலாக ஏழரைச் சுற்றாகச் சரிந்து ஏறும் பாதை. ரஷ்ய மன்னர் பீட்டர் 1716இல் குதிரையிலேயே உச்சிக்குப் போனார் என்கிறார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் நகரம் முழுவதும் தெரியும். அங்கே நண்பர்கள் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். படம் எடுப்பது குற்றமில்லை என்பதை மட்டும் அந்த வாசகருக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடற்கன்னி சிலையைப் பார்க்காமல் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதையும் பார்த்தோம். 1913இல் வைக்கப்பட்ட அந்தச் சிலையின் உயரம் ஒன்றேகால் மீட்டர்தான். 1972இல் திறக்கப்பட்ட நம் மெர்லயனோ 8.6 மீட்டர். இரண்டு துறைமுக நகரங்களும் பாதி மீன் உடலைத்தான் அடையாளமாகத் தேர்ந்தெடுத்திருக்கின்றன என்பது அங்கே நின்றபோதுதான் தோன்றியது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஓட்டுநர் இல்லாத ரயிலில் முதல் பெட்டியின் கண்ணாடி ஓரம் நின்று சுரங்கத்தைப் பார்ப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே வடகிழக்கு ரயில் பாதையில் பழக்கம். கோப்பன்ஹேகனில் அதே இடத்துக்குப் பெரியவர்களும் முண்டியடிக்கிறார்கள். அவர்களுடைய ரயில் 2002இல் ஓடத் தொடங்கியது, நம்முடையது 2003இல். ஆனால் ஒரு கோப்பைக் காப்பிக்கு அங்கே கொடுக்கும் விலையில் தேக்கா சந்தையில் தோசையும் தே தாரிக்கும் வாங்கிச் சில்லறையும் திரும்பப் பெறலாம். ஆகவே செலவைப் பற்றி வாசகர் எழுதியதை நான் மறுக்கவில்லை. பத்துப் பேர் படுக்கும் விடுதி அறையில் தங்கி, ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டும் கையிருப்பு கரைந்தது.

ஞாயிற்றுக்கிழமையின் பெரும்பகுதி தேசிய அரும்பொருளகத்தில் கழிந்தது. டென்மார்க் ஒரு காலத்தில் ஆண்ட கடல்கடந்த இடங்களைப் பற்றிய காட்சிக்கூடத்தில் தரங்கம்பாடிக்கும் இடம் உண்டு. கானாவின் கடற்கரைக் கோட்டைகளும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களும் அதே கூடத்தில் இருக்கின்றன. அதுவரை எனக்குள் இருந்த பெருமிதம் அங்கே சற்று அடங்கியது. சோழமண்டலக் கரையில் நெய்த துணி ஐரோப்பாவுக்கு மட்டும் போகவில்லை. ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கவும் அது பயன்பட்டது. நம் முன்னோர் கைத்திறனின் கதையும் அடிமை வணிகத்தின் கதையும் ஒரே கப்பலில் பயணம் செய்திருக்கின்றன. தங்க ஓலையை மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது.

தங்க ஓலையை நான் பார்க்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் அரசின் காப்பகத்தில் இருக்கும் நானூறு ஆண்டுப் பழைய மடலை, வார இறுதியில் பையோடு போய் நிற்கும் மாணவிக்கு யாரும் எடுத்துக் காட்ட மாட்டார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், வார நாளில் சென்றிருக்க வேண்டும். அது போன பிறகுதான் என் புத்திக்கு எட்டியது. தவறு முழுவதும் என்னுடையது. இரண்டு நாளில் ஒரு தலைநகரைப் பார்க்க முடியுமா என்று வாசகர் கேட்டது இந்த ஓரிடத்தில் என்னைக் குத்தியது உண்மை. ஆனாலும், ஒரு நகரத்தை முழுவதும் பார்க்க இரண்டு ஆண்டுகூடப் போதாது. ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே போய்வர இரண்டு நாள் போதும். எனக்கு அந்த நூலைக் கொடுத்தது எந்தப் பட்டியலும் அல்ல, பாட்டியின் ஒரே ஒரு வாக்கியம்.

இதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன். பரிமாற்றத் திட்டத்தில் செல்லும் மாணவர்களுக்குப் புறப்படும் முன் விளக்கக் கூட்டம் நடத்துகிறார்கள். நான் சென்ற கூட்டத்தில் காப்புறுதி, வங்கி அட்டை, குளிர்கால உடை, அவசரத் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பற்றிப் பேசினார்கள். எல்லாமே தேவையானவை. நீங்கள் போகும் நாட்டோடு உங்கள் வீட்டுக்கு ஏதாவது தொடர்பு உண்டா, பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள் என்று யாராவது ஒரு நிமிடம் சொல்லியிருந்தால், ஆஸ்லோவையும் ஸ்டாக்ஹோமையும் வீணாக்கியிருக்க மாட்டேன், காப்பகத்துக்கும் உரிய நேரத்தில் எழுதியிருப்பேன். இது தமிழ் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. என்னோடு வந்த மலாய்த் தோழியின் தாத்தா கப்பலில் வேலை பார்த்து ராட்டர்டாம் வரை போனவராம். அதை அவள் அறிந்ததே பாட்டியோடு நான் பேசியதைக் கேட்டு, தன் வீட்டுக்கும் அழைத்துப் பேசிய பிறகுதான்.

வாசகர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால் இன்னொன்றும் சொல்வேன். பெரியவர்கள் நாங்கள் பணம் செலவழிப்பதைக் கண்டிக்கும் நேரத்தில், தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லலாம். கடுதாசிப்பட்டறை என்ற பெயரைப் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டும், அது ஏன் அப்படி அழைக்கப்படுகிறது என்று நான் கேட்டதில்லை, பாட்டியும் சொன்னதில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் போதகரை அங்கே அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது தாள் போதாமல் பொறையாருக்குப் பக்கத்தில் காகிதப் பட்டறை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதுதான் கடுதாசிப்பட்டறை. தமிழை முதலில் அச்சிட்டதே எங்கள் ஊர்தான் என்று பாட்டி இப்போது பெருமையடிக்கிறார். தமிழ் எழுத்து 1578லேயே கொல்லத்தில் அச்சேறிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன், ஏற்கவில்லை. 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குச் சென்றபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். ஐரோப்பாவில் கழித்த நாள்களைப் பற்றி அவருடைய வீட்டில் என்ன கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சாப்பிட்டாயா, குளிர்ந்ததா என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள் போலும்.

டேனியர் 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் தங்களிடமிருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டை மட்டும் நிற்கிறது. இங்கே சிங்கப்பூரில் 2019இல், ஆங்கிலேயரான ராஃபிள்ஸின் சிலைக்கு அருகே, இந்நகரின் வரலாற்றில் இடம்பெற்ற சாங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோருடன் நம் நாராயண பிள்ளைக்கும் சிலை வைத்துப் பார்த்தோம். கோப்பன்ஹேகனில் கிறிஸ்டியன் மன்னரின் பெயர் தாங்கிய இடங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் ரகுநாத நாயக்கரின் பெயரையோ தரங்கம்பாடி மீனவர் ஒருவரின் உருவத்தையோ நான் நடந்த தெருக்களில் காணவில்லை.

ஆவணக் காப்பகத்துக்கு இப்போது முறைப்படி எழுதியிருக்கிறேன். பதில் வருமா, எப்போது வரும் என்பதெல்லாம் வேறு. தங்கள் நாளிதழ் அந்தத் தங்க ஓலையின் படத்தை உரிய அனுமதி பெற்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் பெரிதாக வெளியிட முடியுமானால் மிகுந்த நன்றியுடையவளாக இருப்பேன். நானூறு ஆண்டுக்கு முந்தைய தமிழ் எழுத்து நமக்கு எளிதில் விளங்காது என்று பாட்டியிடம் எவ்வளவோ சொல்லிவிட்டேன். எழுத்துக்கூட்டியாவது படித்துவிடலாம் என்று, கண்ணாடி மாற்றுவதற்கு மருத்துவரிடம் முன்பதிவு செய்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக மாணவி ஒருவர்,
அங் மோ கியோ